முப்பத்தொன்றாம் தேதித் தாளில் அழிந்த நகரம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்வது கொஞ்சம் கௌரவம். நான் ஒரு நகரத்தை அழித்தவன். படையெடுத்துப் போகவில்லை, தீ வைக்கவில்லை. எழுதிக்கொண்டே வந்தேன், தாள் தீர்ந்துபோயிற்று.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர்தான் எங்கள் சரக்கு. முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகுகாலம். பின்பக்கத்தை வெறுமையாக விட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று அதை நிரப்பும் பொறுப்பையும் முதலாளி என் தலையில் கட்டியிருந்தார். ஒரு வருஷம் வீட்டு வைத்தியம், ஒரு வருஷம் பொது அறிவு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நூலகத்தில் கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்தின் மயக்கத்தில், மத்திய அமெரிக்காவில் கோப்பான் என்றொரு மாயன் நகரம் எழுந்த கதையைத் தொடராக எழுத ஆரம்பித்தேன்.

ஜனவரி ஒன்றாம் தேதியன்று முதல் அரசன் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தான். அவன் உள்ளூர்க்காரன் இல்லை, எங்கிருந்தோ வந்தவன். பிப்ரவரியில் கோயில் கட்டினான். மார்ச்சில் அவன் மகன் அதற்கு மேலேயே இன்னொரு கோயில் கட்டினான். ரப்பர்ப் பந்தை இடுப்பால் அடித்து விளையாடுவார்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மே மாதம் முழுக்கப் பந்தாட்டம் போட்டேன். ஜூலையில் கொக்கோ பானம். செப்டம்பரில், படி முழுக்க எழுத்துச் செதுக்கிய ஒரு மாடிப்படி. டிசம்பர் கடைசியில் விழித்துப் பார்த்தால் பதினாறாவது அரசன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். கைவசம் இருப்பதோ ஒரே ஒரு தாள். அதில் இப்படி எழுதினேன்:

"பிறகு அந்த நகரத்து மக்கள் அனைவரும் காட்டுக்குள் காணாமல் போனார்கள். வாடிக்கையாளர் அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்."

முதலாளி படித்துவிட்டு, "நச்சுன்னு முடிச்சிட்டீங்களே" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் காலண்டர்கள் கடல் தாண்டியும் போகின்றன. கனடாவிலுள்ள தமிழ்க் கடைகளுக்கு அடுத்த வருஷத்து மாதிரிகளைக் காட்டி ஆர்டர் பிடிக்க முதலாளியின் மகன் போவதாக இருந்தது. அவனுக்கு விசா கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. 'இந்த ஆள் எங்கே போனாலும் வீட்டு ரசத்துக்குத் திரும்பி வந்துவிடுவான்' என்று என் முகத்திலேயே அச்சடித்திருக்கும் போல.

மாண்ட்ரியலில் போய் இறங்கியபோது ஆகஸ்ட் மாதம். கனடா என்றால் பனி என்று ஊரே சொல்லியனுப்பியதால் கம்பளிக் கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், தலையில் குரங்கு குல்லா. விமான நிலைய வாசலில் அரைக்கால் சட்டையும் வியர்வையுமாக ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் அருளப்பு. மன்னாரிலிருந்து வந்தவர். வில்லரே பகுதியில் கீழே மளிகைக்கடை, மேலே வீடு. ஒவ்வொரு வருஷமும் எங்களிடம் காலண்டர் வாங்கித் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பவர்.

"சேர், உது என்ன கோலம்? கழட்டுங்கோ. அவிஞ்சு போவியள்."

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கோட்டு ஒரு குழந்தையின் கனம் இருந்தது. அவருடைய வேனில் முன்இருக்கை முழுக்க முருங்கைக்காய்ப் பெட்டி. என் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். பயணம் சௌகரியமா என்று கேட்பார், 'ஏதோ வந்து சேர்ந்தேன்' என்று அடக்கமாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் கேட்டார்:

"சேர், முப்பத்தொராம் திகதி சனத்தை எங்கை விட்டனீங்கள்?"

விமானத்தில் யாரையாவது தவறவிட்டுவிட்டேனோ என்று ஒரு கணம் பதறினேன். பிறகுதான் புரிந்தது. டிசம்பர் போய் ஆகஸ்ட் வந்துவிட்டது. இந்த மனிதர் இன்னும் அந்தத் தாளிலேயே நிற்கிறார்.

"அது வந்து அண்ணாச்சி... தாள் முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

மாண்ட்ரியலில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே தொங்கவிடுகிறார்கள். இரும்புப் படி, தெருவிலிருந்து முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. மாதிரிக் காலண்டர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது எதிர்வீட்டுக்காரர், அடுத்த வீட்டுக்காரர், ஒரு பூனை எல்லாரும் பார்த்தார்கள். எங்கள் ஊரில் மனிதன் மூச்சு வாங்குவது அவன் சொந்த விஷயம். மேலே அருளப்புவின் மனைவி மலர் புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தார். என்னை இரண்டாம் முறை போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தத் தேவையே இருக்கவில்லை என்பதை அவர் மரியாதையாகக் கவனிக்காததுபோல் இருந்தார்.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்தேன். எங்கள் காலண்டர் கல்லாவுக்கு மேலே தொங்கியது. அருளப்பு அந்தோனியார் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாளைக் கிழித்தார். வெண்டைக்காய் வாங்க வந்த ஓர் அம்மா, "அண்ணை, ராகுகாலம் எத்தினைக்கு?" என்று கேட்டார். அருளப்பு தாளைப் பார்த்து, விரல் மடக்கி ஒன்பதரை மணிநேரம் கழித்து, கனடா நேரத்தில் சொன்னார். "அப்ப விடியமுதலே முடிஞ்சுது" என்று அந்த அம்மா நிம்மதியாகப் போனார். ராகுகாலம் அந்தந்த ஊர்ச் சூரியனைப் பொறுத்தது, இப்படிக் கழிக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவு நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே ஒரு நகரத்தைக் கெடுத்தவன்.

அப்போதுதான் கவனித்தேன். கல்லா மேசையில், கண்ணாடிக்கு அடியில், அந்த டிசம்பர் 31 தாள் பின்பக்கம் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது.

"அதுதான் எனக்கு வில்லன், அங்கிள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அருளப்புவின் மகள் நத்தலி. இருபது வயது. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிறாள். பிரெஞ்சில் யோசித்து, ஆங்கிலத்தில் சண்டை போட்டு, அப்பாவிடம் மட்டும் தமிழில் பேசுகிற பெண். என்னை ஓர் உணவுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டி போட்டுக் குழம்பு ஊற்றிய ஒரு பதார்த்தத்தை எனக்கு முன்னால் வைத்தாள். பூட்டின் என்று பெயர். விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்துச் சால்னாவில் முக்குகிறவர்கள் நாங்கள். இதற்கெல்லாம் அசரமாட்டோம் என்று ஆரம்பித்தேன். பாதித் தட்டில் அசந்துவிட்டேன்.

அவள் சொன்ன கதை இது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வரவேண்டும் என்று அப்பா தினமும் காலையில் காலண்டர்த் தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். மூன்று வரி வாசிக்காமல் தேத்தண்ணீர் கிடையாது. அப்படி ஒரு வருஷம் முழுக்க என் நகரத்தை வாசித்தவள், படிப்பையே அதன் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள். இப்போது வருகிற ஜனவரியில் அவளுடைய பேராசிரியை கோப்பானுக்கே அகழாய்வுக்குப் போகிறார். நத்தலிக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

"அப்பா விடமாட்டாராம். காடாம். சனம் காணாமல் போற இடமாம். என்ன ஆதாரம் எண்டு கேட்டன். உங்கட தாளைக் காட்டுறார்."

"நான் ஒரு மூலையில உட்கார்ந்து எழுதினதும்மா அது."

"அச்சில வந்துட்டுதாம். அச்சில வந்தது பிழையா இருக்காதாம்."

இருபத்தைந்து வருஷம் அச்சகத்தில் இருக்கிற எனக்கு வந்த சிரிப்பை உருளைக்கிழங்கோடு சேர்த்து விழுங்கினேன்.

"நீ பெரிய பொண்ணு. கேக்காமலே போகலாமே?"

"போகலாம். பேந்து அப்பா பேசாமல் இருப்பார். கத்தினால் நான் திருப்பிக் கத்துவன். பேசாமல் இருந்தால் என்னால ஏலாது." முள்கரண்டியால் என்னைச் சுட்டிக் காட்டினாள். "நீங்கதானே சனத்தைத் துலைச்சனீங்கள். நீங்களே தேடித் தாங்கோ."

அப்புறம் எனக்குத் தாள் போதாமல் போன பகுதியை அவள் சொல்ல ஆரம்பித்தாள். பதின்மூன்றாவது அரசன் சிற்பப் பைத்தியம். ஊர் முழுக்கத் தன் சிலையாக நட்டு வைத்தவன். அவனைத் தனக்குக் கீழே இருந்த ஒரு சின்ன ஊர்த் தலைவனே பிடித்துக்கொண்டுபோய்த் தலையை வெட்டிவிட்டான். அந்த அவமானத்தை மறைக்கத்தான் பின்னால் வந்தவர்கள் அந்த எழுத்துப் படியை இன்னும் பெரிதாக, இன்னும் ஆடம்பரமாகக் கட்டினார்களாம். நான் செப்டம்பர் முழுக்கப் பிரமித்து எழுதிய படி!

நகரம் பெருத்தது. ஆற்றோரத்து நல்ல வயல்களின் மேல் வீடு கட்டினார்கள். விதைப்பதற்கு மலைச்சரிவுக்குப் போனார்கள். மரத்தை வெட்டினார்கள், மழை மண்ணை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்தக் காலத்து எலும்புகளில் பசி தெரிகிறதாம். கடைசியாக ஒரு கல். அடுத்து ஓர் அரசன் பட்டம் ஏறுகிற காட்சியை ஒரு பக்கம் செதுக்கியிருக்கிறார்கள். மற்றப் பக்கங்கள் முடியவே இல்லை. சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"எங்கே போனான்?" என்று கேட்டேன். அருளப்புவின் கேள்வியை நானே கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"வீட்டைதான் போயிருப்பான், அங்கிள். அரசர் இல்லாட்டி சம்பளம் இல்லை. ஆனால் சோளம் இருக்குதானே?"

மூன்றாம் நாள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கடைக்கு மாதிரி காட்ட நானே தனியாகப் பஸ்ஸில் கிளம்பினேன். எங்கள் ஊரில் கண்டக்டர் 'இறங்கு இறங்கு' என்று முதுகில் தட்டாத குறையாக இறக்கிவிடுவார். இங்கே கண்டக்டரே இல்லை. ஓட்டுநரிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பிரெஞ்சில் நீளமாக ஒன்று சொன்னார். குரலில் கனிவு இருந்ததால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் சென்ட் லோரன்டில் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் என்னை உதிர்த்துவிட்டுத் திரும்பியது. ஒருவேளை, தவறான பஸ்ஸில் ஏறியிருக்கிறாய் என்பதைத்தான் அவ்வளவு கனிவாகச் சொல்லியிருப்பார்.

வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு ஒருவர் வந்தார். என் முழியைப் பார்த்தே, "அண்ணை, தமிழோ? துலைஞ்சு போனியளோ?" என்றார். சரியான பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்றார். பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் முகம் மாறிற்று.

"அருளப்பு அண்ணையின்ர கடைக் கலண்டரோ? அட, அந்த ஊரை முடிச்ச ஆள் நீங்களே!"

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"எங்கட பக்டரி லைனில நாலு பேர். ஒராள் ஹெய்ட்டி, ஒராள் வியட்நாம். ஒவ்வொரு நாளும் நான்தான் கதையைப் போய்ச் சொல்லுறது. பந்தடி நேரம் எல்லாம் எவ்வளவு எழுப்பமாச் சொன்னனான் தெரியுமே? கடைசியில, எல்லாரும் காணாமல் போச்சினம், ஹாப்பி நியூ இயர் எண்டு சொல்ல, என்னைப் பிடிச்சு ஏசிப்போட்டாங்கள், அண்ணை. நானே துலைச்ச மாதிரி."

இறங்கும்போது கைகுலுக்கினார். "அடுத்த முறை எழுதேக்கை சனத்தில ஒரு கண் வையுங்கோ" என்றார்.

அன்று சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அருளப்புவிடம் பேசினேன். அவர் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி, நான் எழுதினது தப்பு, அந்த மக்கள் காணாமல் போகவில்லை, நத்தலி சொல்வதுதான் சரி என்று ஆரம்பித்து, சிரிக்க வைத்தால் இளகுவார் என்று இரண்டு நகைச்சுவையும் சேர்த்தேன்.

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார்.

"என்ர தம்பி ஒருத்தன் இருந்தவன், சேர். காட்டுப் பக்கம் விறகுக்குப் போனவன். பேந்து ஒரு கடுதாசி வந்தது. காணாமல் போயுள்ளார். அவ்வளவுதான். ஒரு வரி." தோலைக் கீழே போட்டார். "உங்கட தாளிலயும் ஒரு வரிதான் கண்டியளோ. எனக்குச் சாப்பிடேலாமல் போச்சு. ஒரு வருஷம் அந்தச் சனத்தோட இருந்தனான். ஆர் ஆர், எங்கை, என்னண்டு எண்டு ஒண்டும் இல்லை. அந்தக் காட்டுக்கு என்ர பிள்ளையை அனுப்பச் சொல்லுறியள்."

குனிந்து வெங்காயம் பொறுக்கினேன். நல்லவேளையாக, வெங்காயம் உரிக்கிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் காரணம் கேட்பதில்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் அருளப்பு, நத்தலி, நான் மூன்று பேரும் ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். அப்பாவும் மகளும் வேனில் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் நடுவில் நான் கத்தரிக்காய்ப் பெட்டியைப் போல உட்கார்ந்திருந்தேன். சந்தையில் மக்காச்சோளம் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு வியாபாரி கூவிய பெயரை நத்தலி எனக்கு மொழிபெயர்த்தாள். கியூபெக்கில் மக்காச்சோளத்துக்குப் பெயர் 'இந்தியக் கோதுமை'யாம்.

எனக்கு நெஞ்சு விரிந்தது. "பாத்தியாம்மா, எங்க ஊர்ச் சரக்கு!"

"அங்கிள், அது மாயாக்காரர்ட ஆக்கள் வளர்த்தெடுத்தது. கப்பலில வந்தவைக்கு வழி தெரியாமல் எல்லாத்துக்கும் இந்தியா எண்டு பேர் வைச்சவை."

வழி தெரியாமல் வந்து உளறுகிறவர்களின் வரிசையில் நான் முதல் ஆள் இல்லை என்பதில் ஓர் ஆறுதல். அருளப்பு இரண்டு மூட்டை வாங்கினார். அங்கேயே வேகவைத்து வெண்ணெய் தடவிக் கொடுத்ததில் ஆளுக்கொன்று தின்றோம். கிட்டத்தட்ட இனிப்புப் பலகாரம். எங்கள் ஊர்ச் சோளத்துக்கு மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தேவைப்படும்; இதற்குப் பல்கூடத் தேவைப்படவில்லை.

இதையே மத்தியானம் இன்னொருவர் வாயால் கேட்டேன்.

கடையில் கூட்டம் குறைந்த நேரம். குள்ளமாக, இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்மணி உள்ளே வந்து நேரே குளிர்ப்பெட்டிக்குப் போய் உறைந்த வாழையிலைக் கட்டு இரண்டை எடுத்தார். "மார்த்தா" என்றார் அருளப்பு என்னிடம். "எங்கட கோயில்தான். தமிழ்ப் பூசை முடிய ஸ்பானிஷ் பூசை. எத்தினையோ வருஷமா வெள்ளிக்கிழமையில வாழையிலைக்கு வாறவ. அவையும் எங்களை மாதிரி, மாவை இலையில சுத்தி அவிக்கிறவை."

மார்த்தா கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு சோளக் கதிரை எடுத்தார். தோலைக் கொஞ்சம் விலக்கினார், நகத்தால் ஒரு மணியைக் கீறினார், மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டார். ஏதோ சொன்னார். நத்தலி சிரித்தபடி மொழிபெயர்த்தாள்:

"இது பல் போன கிழவர்களுக்கான சோளமாம்."

தன் ஸ்பானிஷ் மொழியைப் பழக வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில் நத்தலி அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். உங்கள் ஊர்ச் சோளம் எப்படி இருக்கும்? கல் மாதிரி இருக்கும், சுண்ணாம்பில் ஊறவைத்து அரைக்க வேண்டும். எந்த ஊர்? குவாத்தமாலா. குவாத்தமாலாவில் எங்கே? உனக்குத் தெரியாது மகளே, எல்லை ஓரம், ஒரு மலைக் கிராமம். மலையைத் தாண்டி இறங்கினால் ஹொண்டுராஸ், அங்கே கோப்பான் என்று ஓர் ஊர்.

இந்த இடத்தை யாராவது கதையில் எழுதி என்னிடம் அனுப்பியிருந்தால், இவ்வளவு வசதியாக எல்லாம் நடக்காது என்று சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. நத்தலி கையிலிருந்த மஞ்சள்தூள் பாக்கெட்டைக் கீழே வைத்தாள்.

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?

வெளியே ஸ்பானிஷ். அம்மாவிடம் சோர்த்தி.

நத்தலி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா, அந்தக் கல்லில இருக்கிற எழுத்து இருக்கெல்லே? அந்த மொழிக்குக் கிட்டின சொந்தம் இவவின்ர மொழிதான்."

அருளப்பு கல்லாவின் கண்ணாடியைத் தூக்கி, அந்த டிசம்பர் 31 தாளை எடுத்து மகளிடம் நீட்டினார். "வாசிச்சுக் காட்டு."

நத்தலி என் வாக்கியத்தை ஸ்பானிஷில் சொன்னாள். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கலாமா என்று யோசித்தேன். மார்த்தா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாழையிலைக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எப்போது காணாமல் போனோமாம்?"

"டிசம்பர் முப்பத்தொன்று."

"பொய். அன்றைக்கு எங்கள் வீட்டில் பன்றி அடித்தோம். ஊரே இருந்தது."

மலர்கூட மாடியிலிருந்து என்ன சத்தம் என்று இறங்கி வந்துவிட்டார். அருளப்பு மட்டும் சிரிக்கவில்லை.

"கேள், அவவின்ர சனம் இப்பவும் அங்கை இருக்கோ?"

இருக்கிறார்கள். அம்மா சந்தையில் தக்காளி விற்கிறாள். அவளோடு விலை பேசிப் பார், யார் காணாமல் போகிறார்கள் என்று தெரியும். சண்டைக் காலத்தில் ஓடினோம். சிலர் திரும்பவில்லை. மற்றவர்கள் திரும்பி வந்து விதைத்தோம். நான் இங்கே வந்தேன், தங்கை அங்கே இருக்கிறாள். மார்த்தா இதை வாழையிலையில் படிந்திருந்த பனியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

நான் ஆர்வம் தாங்காமல் அரசர்களைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். பதினாறு அரசர்கள், அந்த எழுத்துப் படி, பந்தாட்டம்!

"அந்தக் கல் ராஜாக்களா? பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். பயங்கர வெயில். எனக்குச் செருப்புக் கடித்தது. வேறொன்றும் ஞாபகமில்லை."

அருளப்பு தன் கேள்விகளை வரிசையாக இறக்கினார். பாம்பு இருக்கோ? இருக்கிறது. கோயில் இருக்கோ? அதுவும் இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளை போகலாமோ? மார்த்தா நத்தலியை மேலும் கீழும் பார்த்தார். "இவளா? பாம்புதான் பாவம்." அப்புறம், தங்கை அந்த ஊரிலேயே பயணிகளுக்குச் சமைத்துப் போடுகிறாள், பேர் சொன்னால் போதும், இந்தப் பெண்ணின் எலும்பு தெரியாமல் பார்த்துக்கொள்வாள் என்றார்.

மார்த்தா போன பிறகு அருளப்பு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை வருஷமா எனக்கு முன்னால நிண்டு வாழையிலை வாங்கின மனுசி" என்றார். வேறு யாரிடமோ கேட்பதுபோல, "எல்லாரும் இப்பிடிக் கிடைப்பினமே?" என்றார். மலர் அவர் தோளில் ஒரு முறை கையை வைத்துவிட்டு மேலே போனார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்கள் எழுதினதை நீங்கள்தான் அழிக்க வேணும். அச்சில."

"கண்டிப்பா அண்ணாச்சி. எந்தத் தேதியில போடலாம்?"

"முதலாந் திகதி. அண்டைக்குத்தான் சனம் வடிவா வாசிக்கும். பேந்து ராகுகாலம் மட்டுந்தான் பாக்கும்."

அங்கேயே கல்லா மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நாலு முறை அடித்து, ஐந்தாம் முறை இப்படி வந்தது:

"திருத்தம். கோப்பான் நகரத்து மக்கள் காணாமல் போனார்கள் என்று முன்பு எழுதியிருந்தோம். அது தவறு. மரம் போனது, மண் போனது, பிறகு அரசர்கள் போனார்கள். மக்கள் மலையோரமாகச் சோளம் விதைத்துக்கொண்டு இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்."

அருளப்பு மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். பேனாவை என் கையிலிருந்து வாங்கி, தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "அவர்களில் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வருவார்."

என் உத்தியோக வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளர் சேர்த்த வரியை மாற்றாமல் விட்டது அது ஒன்றுதான்.

மகளிடம் மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் காலை நத்தலி இரும்புப் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை" என்றாள். "ஆனால் இண்டைக்கு விடிய எழும்பி உலகப்படத்தில ஹொண்டுராஸைத் தேடினவர். ஆபிரிக்காவில தேடினவர்." சிரித்தாள். என் கோட்டை ஊருக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம், பனிக்காலத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். ஜனவரியில் ஹொண்டுராஸில் கம்பளிக் கோட்டு எதற்கு என்று கேட்கவில்லை. போகாமல் இங்கேயே இருக்க நேர்ந்தால் என்று அவளும் சொல்லவில்லை.

விமான நிலையம் போகிற வழியில் அருளப்பு சமாதானத்தைப் பற்றிப் பேசினார். அந்த வருஷம் இலங்கையில் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. கடைக்கு வருகிற எல்லாரும் ஊருக்குப் போய்வந்த கதை சொல்கிறார்களாம், தானும் மன்னாருக்கு ஒரு தடவை போய் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். காலண்டரில் இந்தமுறை அந்தோனியார் திருநாளைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். மீன் விலை சொன்னார். மகள் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவளை ஏமாற்றிவிட்டு விமானம் ஏறுகிறேனோ?

வாசலில் வேனை நிறுத்தினார். என் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டார். பெட்டியை இறக்கினார். இனியும் பொறுத்தால் ஊர் போய்ச் சேர்கிறவரை தூக்கம் வராது என்று கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, வெளிப்படையாச் சொல்லுங்க. நத்தலிய அனுப்புறீங்களா இல்லையா?"

அவர் வேனில் ஏறி, இயந்திரத்தை முடுக்கி, கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"பிள்ளைக்கு மலேரியாக் குளிசை வாங்கியாச்சு."